ஜெனரலுக்கு ஞாயிற்றுக்கிழமை ராசியில்லை

கேள்வித்தாள் நம்முடையது. திருத்துகிறவர் நம்ம ஆள். ஹாலில் நம்மைத் தவிர வேறு யாரும் பரீட்சையே எழுதவில்லை. இதிலும் ஒருவர் ஃபெயிலாக முடியுமா?

முடியும். 1989-ல் போலந்து கம்யூனிஸ்ட் கட்சி அதைச் செய்து காட்டியது. எதிரே ஆளே இல்லாத தேர்தலில் நின்று தோற்றது.

கிழக்கு ஐரோப்பாவுக்கு ஜனநாயகம் எப்படி வந்தது என்று கேட்டால் கோர்பசேவ், போப்பாண்டவர், அமெரிக்கா, லெக் வலேசா என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாம் சரி. ஜெயித்தவர்களுக்கு மாலை போடுகிற அவசரத்தில், விதவிதமாகத் தோற்றுக்கொண்டே வந்து கடைசியில் அதில் கைதேர்ந்துவிட்ட ஒரு மனிதரை மட்டும் மறந்துவிடுகிறோம். அவர் பெயர் வொய்சியெக் யாருசெல்ஸ்கி. நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று பயந்தால் 'ஜெனரல்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். போலந்துக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

பார்த்தால் வில்லன் வேஷத்துக்கு மேக்கப்பே தேவையில்லை. முகத்தில் நிரந்தரமாகக் குடியேறிய கறுப்புக் கண்ணாடி. உலக்கையை விழுங்கியது மாதிரி விறைத்த முதுகு. சிரிப்பு ரேஷனில்கூடக் கிடையாது.

ஆனால் பிறந்ததோ 1923-ல், நிலபுலன் உள்ள ஜமீன் ரகக் குடும்பத்தில். தாத்தா 1863-ல் ரஷ்ய ஜாருக்கு எதிராகக் கலகம் செய்து சைபீரியா போனவர். அப்பா 1920-ல் போல்ஷெவிக்குகளோடு மோதியவர். பிள்ளையைப் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படிக்கவைத்தார்கள். 1941-ல் சோவியத்காரர்கள் குடும்பத்தை ரயிலேற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அப்பா அங்கேயே செத்துப்போனார். மகன் காட்டில் மரம் வெட்டினான். பனியில் பட்டுத் தெறித்த வெயில் அவன் கண்ணைக் கெடுத்தது, மரம் முதுகைக் கெடுத்தது. பிற்காலத்தில் உலகமே பார்த்துப் பயந்த கண்ணாடியும் விறைப்பும் அங்கே சம்பாதித்த சொத்துகள்தான்.

இத்தனைக்கும் பிறகு அவர் எந்தப் பக்கம் சேர்ந்தார் என்கிறீர்கள்? சரியாக அந்தப் பக்கம்தான். சோவியத் ஆதரவில் திரட்டிய போலிஷ் படையில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1968-ல் பாதுகாப்பு அமைச்சரே ஆகிவிட்டார்.

குடும்பத்துக்கு ஒரு பரம்பரைச் சின்னமும் உண்டு. பெயர் 'ஷ்லெபோவ்ரோன்'. அது ஒரு கொக்கின் பெயர்தான் என்றாலும், வார்த்தையைப் பிரித்துப் பார்த்தால் 'குருட்டுக் காக்கை' என்று வரும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், காக்கை இன்னொரு முறை பறந்து வரும்.

*

1980-ல் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம். லெக் வலேசா என்கிற மீசைக்கார எலெக்ட்ரீஷியன் தலைமையில் 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கம் பிறந்தது. ஒரு வருஷத்துக்குள் உறுப்பினர் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒரு கோடி. தொழிலாளர்களின் ஆட்சி என்று போர்டு மாட்டிய ஆட்சிக்குத் தொழிலாளர்களைக் கண்டாலே வயிற்றைக் கலக்கியது.

1981 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு டி.வி.யில் 'டெலெரானெக்' என்று குழந்தைகள் நிகழ்ச்சி வரும். வாராவாரம் டைட்டிலில் ஒரு சேவல் கூவும். அன்று சேவல் வரவில்லை. பெட்டி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சீருடை போட்ட ஒரு மாமா தோன்றி, நாட்டில் ராணுவச் சட்டம் அமல் என்றார். பெரியவர்கள் அவர் மேல் சொன்ன குற்றச்சாட்டுகளுக்கு ஆயிரம் விளக்கம் கொடுத்துப் பார்த்தார் ஜெனரல். அந்தப் பிள்ளைகளிடம் மட்டும் எந்த விளக்கமும் எடுபடவில்லை. வளர்ந்தபிறகும் 'டெலெரானெக் வராத ஞாயிறு' என்றுதான் சொன்னார்கள்.

அவர் அப்போது கட்சியின் முதல் செயலாளர், பிரதமர், பாதுகாப்பு அமைச்சர். மூன்று நாற்காலியும் போதாமல், நாட்டைக் காப்பாற்ற ஒரு ராணுவக் கவுன்சில் அமைத்து அதற்கும் தலைவரானார். கவுன்சிலின் பெயரைச் சுருக்கினால் 'வ்ரோன்'. போலிஷ் மொழியில் 'வ்ரோனா' என்றால் காக்கை. நாட்டின் சின்னமோ கழுகு. காக்கை கழுகை ஜெயிக்காது என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. குருட்டுக் காக்கைச் சின்னத்து வாரிசு, காக்கை என்று முடிகிற மாதிரி ஒரு பெயரை ஓகே செய்கிறார், சுற்றி நின்ற இத்தனை ஜெனரல்களில் ஒருத்தர்கூட "ஐயா, இதைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்" என்று சொல்லவில்லை. சர்வாதிகாரத்தில் இதுதான் பெரிய சிக்கல். ப்ரூஃப் பார்க்க ஆள் கிடைக்காது.

செய்தி வாசிப்பவர்களுக்கும் ராணுவ உடுப்பு மாட்டிவிட்டார்கள். தொலைபேசியைத் துண்டித்தார்கள். மறுபடி இணைப்புக் கொடுத்தபோது, நீங்கள் 'ஹலோ' சொல்வதற்குள், இந்த உரையாடல் கண்காணிக்கப்படுகிறது என்று ஒரு குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். உலகத்தில் எல்லா அரசாங்கமும் ஒட்டுக்கேட்கும். கூச்சப்படாமல் முன்னறிவிப்புக் கொடுத்துக் கேட்டவர்கள் இவர்கள். வார்சாவில் 'மாஸ்கோ' என்ற பெயருள்ள தியேட்டர் வாசலில் ஒரு கவச வண்டி நின்றது. பின்னால் பேனரில் அன்றைய படம்: 'அபோகலிப்ஸ் நவ்'. க்ரிஸ் நீடென்தால் என்ற புகைப்படக்காரர் க்ளிக் செய்தார். மாஸ்கோ, கவச வண்டி, ஊழிக்காலம் என்று நாட்டின் நிலவரம் மொத்தமும் ஒரே ஃப்ரேமில்.

மக்கள் என்ன செய்தார்கள்? ஸ்விட்னிக் என்ற சின்ன ஊரில் 1982 பிப்ரவரியில் வாக்கிங் போனார்கள். ராத்திரி ஏழரைக்கு அரசாங்கச் செய்தி தொடங்கும். சரியாக அந்த நேரத்துக்கு, டி.வி. பெட்டியைத் தூக்கித் தெருவைப் பார்க்க ஜன்னலில் வைத்துவிட்டு, குடும்பத்தோடு இறங்கி நடப்பார்கள். உள்ளே ஆளில்லாத வீட்டின் ஜன்னலில் இருந்து சீருடைக்காரர் பனி மூடிய தெருவுக்குச் செய்தி வாசிப்பார். கீழே பக்கத்து வீட்டுக்காரர்கள் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டு உலாவுவார்கள். வாக்கிங் போவது எந்தச் சட்டத்தில் குற்றம்? யோசித்துப் பார்த்த அதிகாரிகள், ஊரடங்கு நேரத்தை ஏழு மணிக்கு இழுத்தார்கள். ஊர், சாயங்காலம் ஐந்து மணிச் செய்திக்கு வாக்கிங்கை மாற்றிக்கொண்டது.

எல்லாமே தமாஷாக இருந்துவிடவில்லை. ராணுவச் சட்டம் வந்து மூன்று நாள் கழித்து வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒன்பது தொழிலாளர்கள் செத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை விசாரணையில்லாமல் அடைத்து வைத்தார்கள். அதற்கு முன்பே, 1970 டிசம்பரில் கடற்கரை நகரங்களில் தொழிலாளர்கள் மேல் ராணுவம் சுட்டபோது பாதுகாப்பு அமைச்சர் நாற்காலியில் இருந்தவரும் இதே ஜெனரல்தான். நான் தலையிடாவிட்டால் சோவியத் டாங்கிகள் வந்திருக்கும் என்று சாகிறவரை சொன்னார். வந்திருக்குமா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒன்பது குடும்பங்களுக்கு அந்த ஆராய்ச்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

*

அடக்கியாயிற்று. அடுத்தது ஆள வேண்டும். துப்பாக்கியைக் காட்டி ஆளை வேலைக்கு அனுப்பலாம், கடையில் கறியை வரவைக்க முடியாது. கறிக்கு ரேஷன் கார்டு, கார்டுக்கு வரிசை. கடை அலமாரியில் தாராளமாகக் கிடைத்த ஒரே சரக்கு வினிகர். ஊறுகாய் போடலாம்தான், ஆனால் எதை?

இதற்கெல்லாம் பதில் சொல்ல ஒரு செய்தித் தொடர்பாளர் இருந்தார். யெர்ஷி உர்பான். பெரிய காது, அதைவிடப் பெரிய வாய். அமெரிக்கா போலந்துக் குழந்தைகளுக்குப் பால் பவுடர் கொடுத்தால், பதிலுக்கு நியூயார்க் நடைபாதைவாசிகளுக்கு நாங்கள் படுக்கைப் பை அனுப்புகிறோம் என்று அறிவிக்கிற ஆள். நாட்டில் அவரை வெறுக்காதவர்கள் குறைவு, அவர் பேச்சைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு.

1987-ல் ஜெனரலுக்கு ஒரு யோசனை. பொருளாதாரச் சீர்திருத்தத்தில் விலைவாசி ஏறும். மக்களையே கேட்டுவிட்டால் பழி பாதி அவர்கள் தலையில். நவம்பர் 29-ல் பொதுவாக்கெடுப்பு. கிழமை? ஞாயிறு. ஓட்டுப் போட வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் 'சரி' என்றார்கள். வேறெந்த நாட்டிலும் இதற்கு லட்டு கொடுத்திருப்பார்கள். ஆனால் இவர்கள் சட்டம் எழுதும்போது, வந்தவர்களில் பாதி போதாது, வாக்காளர் பட்டியலில் உள்ள மொத்தப் பேரில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும் என்று எழுதித் தொலைத்திருந்தார்கள். பழைய பழக்கத்தில் 99 சதவீதம் வரும் என்ற நம்பிக்கை! இரண்டு கேள்விகளுக்கும் 50-ஐத் தொடவில்லை. ஜெயித்த வாக்கெடுப்பில் தோற்றதாக அரசாங்கமே அறிவித்தது. சொந்த விதியில் கால் தடுக்கி விழுவது ஜெனரலின் பாணி ஆனது இங்கேதான்.

1988-ல் மறுபடி வேலைநிறுத்தங்கள். இனி வலேசாவோடு பேசாமல் முடியாது. அதற்குள் அரசாங்கத் தொழிற்சங்கத் தலைவர் மியோடோவிச்சுக்கு ஓர் ஆசை. எலெக்ட்ரீஷியன்தானே, டி.வி.யில் நேருக்கு நேர் உட்காரவைத்தால் பத்து நிமிஷத்தில் ஃபியூஸ் போய்விடும் என்று சவால் விட்டார். நவம்பர் 30, நேரடி ஒளிபரப்பு. மேற்கத்திய நாடுகள் காரில் போகின்றன, நாம் சைக்கிள் மிதிக்கிறோம் என்கிற ரீதியில் வலேசா சாவகாசமாகப் பேசினார். அரசாங்க டி.வி. ஏழு வருஷமாக 'முடிந்துபோன ஆள்' என்று சொல்லிவந்தவரைத் தன் செலவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய் இறக்கியது.

சாலிடாரிட்டியோடு பேசுவதற்குக் கட்சியின் மத்தியக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. 1989 ஜனவரியில் விடிய விடியக் கூச்சல். ஜெனரல் எழுந்தார். ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் ராஜினாமா என்றார். பிரதமர் ரகோவ்ஸ்கி, உள்துறை அமைச்சர் கிஷ்ச்சாக், பாதுகாப்பு அமைச்சர் சிவிட்ஸ்கி மூவரும் 'நாங்களும்' என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்க்கிற மாமியார் டெக்னிக். நாட்டைத் துப்பாக்கி காட்டி மிரட்டியவர் கட்சியை ராஜினாமா காட்டி மிரட்டினார். கட்சி மசிந்தது.

*

பிப்ரவரி 6-ல் வட்டமேசை மாநாடு. நிஜமாகவே வட்டமேசை. தலைமாடு, கால்மாடு தகராறு வரக்கூடாது என்று விசேஷமாகச் செய்யச் சொன்னார்கள். குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர். அது ஏன் என்பதற்கு வார்சாவில் ஒரு விளக்கம் உலவியது: எச்சில் துப்புவதில் உலக சாதனை எட்டு மீட்டராம்.

அரசுத் தரப்பின் தலைவர் கிஷ்ச்சாக். எதிரே உட்கார்ந்தவர்களில் பலரைப் பிடித்து உள்ளே போட்ட இலாகாவின் அமைச்சர். அத்தனை பேரின் ஃபைலும் அவருக்கு அத்துப்படி என்பதால் அறிமுகப் படலத்துக்கு நேரம் செலவாகவில்லை. சிக்கலான விஷயங்கள் மட்டும் மக்டலென்கா என்ற இடத்தில், உள்துறையின் மாளிகையில், மூடிய கதவுக்குள் நடந்தன. மாஜி கைதிகளும் மாஜி காவலர்களும் வோட்கா கோப்பையை உயர்த்தி நிற்கும் படங்கள் இன்றுவரை போலந்தில் பஞ்சாயத்தைக் கிளப்பும் சரக்கு.

கடைசி நாளான ஏப்ரல் 5-ல் உலகமே டி.வி. முன்னால் காத்திருக்கிறது. மாநாடு தொடங்கவில்லை. ஏன்? மியோடோவிச் மூன்றாவதாகத்தான் பேசுவேன் என்று முரண்டு பிடித்தார். கல்யாணத்தில் சம்பந்தி கோபித்துக்கொண்ட மாதிரி, சரித்திரம் சில மணி நேரம் வாசலில் நின்றது. வட்டமேசையில் யார் முதல், யார் மூன்றாவது என்ற சண்டை வரவே வராது என்றுதானே ஒன்பது மீட்டருக்கு மரம் வாங்கினோம்?

இதில் ஒரு வேடிக்கை. இத்தனையையும் ஆட்டிவைத்த ஜெனரல் அந்த மேசையில் உட்காரவே இல்லை.

ஒப்பந்தம் இதுதான். கீழவையில் 460 இடம். அதில் 299 கட்சிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் ரிசர்வ். மிச்சம் 161-க்குத்தான் சுதந்திரப் போட்டி. புதிதாக ஒரு செனட், 100 இடம், முழுச் சுதந்திரத் தேர்தல். இது ஆளும் தரப்பில் இருந்த க்வாஷ்நியெவ்ஸ்கி என்ற இளைஞர் பேச்சுவாக்கில் போட்ட யோசனை. இரண்டு அவையும் சேர்ந்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 560-ல் 299 பையில். ஜெனரல்தான் அதிபர். ஓட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன்பே எண்ணி முடித்துவிட்ட நிம்மதி.

*

1989 ஜூன் 4. ஞாயிறு. சொல்லவும் வேண்டுமா?

ரிசர்வ் இடங்களில் 35, கட்சியின் பெருந்தலைகளுக்கென்று தனிப் பட்டியல். எதிர்த்து நிற்க ஆளில்லை. பாதிப் பேர் ஆதரித்தால் போதும். ஓட்டுப் போடும் முறையும் எளிது: வேண்டாதவர் பெயரை அடிக்க வேண்டும். முன்பெல்லாம் யாரும் எதையும் அடிக்க மாட்டார்கள். கொடுத்த தாளை மடித்து அப்படியே பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். திரைக்குப் பின்னால் போனாலே ஏதோ சதி என்று முறைப்பார்கள். அன்று திரைக்குப் பின்னால் போக வரிசை நின்றது. நாற்பது வருஷக் கடுப்பும் ஒரு பேனா முனையில். ஒவ்வொரு பெயராக, ரசித்து, சாவகாசமாக அடித்தார்கள். பொறுமையில்லாதவர்கள் தாளின் மேல் மூலையில் தொடங்கிக் கீழ்வரை ஒரே இழுப்பு.

35 பேரில் 33 பேர் அவுட். பிரதமர் ரகோவ்ஸ்கி அவுட். ஃபைல் வைத்திருந்த கிஷ்ச்சாக் அவுட். தப்பித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பெயர் ஷெலின்ஸ்கி. அகர வரிசையில் கடைசி என்பதால் பேனாக்கோடு அவர்வரை எட்டவில்லை என்பது போலந்தில் பிரசித்தமான விளக்கம். அப்பா வைத்த பெயர் பிள்ளையைக் காப்பாற்றும் என்பது இதுதான் போல.

சுதந்திரப் போட்டி நடந்த 161 இடங்களும் இரண்டாம் சுற்று முடிவதற்குள் சாலிடாரிட்டிக்கு. செனட்டில் 100-க்கு 99. மிஞ்சிய ஒன்றாவது கட்சிக்கா? அதுவும் இல்லை. ஒரு தனியார் தொழிலதிபருக்கு! நம்ம உர்பான் வார்சாவில் நின்று, ஆண்ட்ரெய் வாபிட்ஸ்கி என்ற புகழ்பெற்ற நடிகரிடம் மண்ணைக் கவ்வினார்.

பட்டியலில் தோற்ற 33 இடங்களை என்ன செய்வது? தோற்றால் என்ன செய்வது என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. தோற்போம் என்று நினைத்தால்தானே எழுதுவார்கள்? கடைசியில் சாலிடாரிட்டி பெரிய மனசு பண்ணி, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று, நடுவில் சட்டத்தைத் திருத்திக்கொள்ளச் சம்மதித்தது.

இங்கே ஒரு நிமிஷம் சிரிப்பை நிறுத்துவோம். அதே நாள், அதே ஜூன் 4, பெய்ஜிங்கில் டாங்கிகள் ஓடின. ஜெனரலிடமும் டாங்கி இருந்தது. கிஷ்ச்சாக்கிடம் போலீஸ் இருந்தது. ராணுவச் சட்டம் போடுவது எப்படி என்று புதிதாகக் கற்கவேண்டிய அவசியமும் இல்லை, எட்டு வருஷம் முன்பு ஒத்திகையே பார்த்தவர்கள். தேர்தல் செல்லாது என்று ஒரு அறிக்கை போதும். ஜெனரல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. தோற்றோம் என்று ஒப்புக்கொண்டார்.

*

ஜூலை 19, அதிபர் தேர்தல். ஒரே வேட்பாளர், ஜெனரல். பையில் எண்ணி வைத்திருந்த 299-ல் ஓட்டை. நாற்பது வருஷமாக ஆமாம் சாமி போட்ட கூட்டணிக் கட்சிகளுக்குத் திடீரென்று முதுகெலும்பு முளைத்தது. சரியான நேரம் பார்த்துக் காலை வாரினார்கள். ஜெனரல் தோற்கப் போகிறார் என்று பதறியது யார் தெரியுமா? சாலிடாரிட்டி! இவர் தோற்றால் ஒப்பந்தம் உடையும், மாஸ்கோ என்ன செய்யுமோ என்று பயம். அவர்களில் சிலர் அன்றைக்கு வராமலே இருந்தார்கள். ஏழு பேர் வேண்டுமென்றே செல்லாத ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 270, எதிர்ப்பு 233, நடுநிலை 34. தேவைக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு. தான் ஜெயிலில் போட்டவர்களின் தயவில் ஜெனரல் அதிபரானார். அன்று புதன்கிழமை. அதனால்தான் தப்பித்தார்.

கிஷ்ச்சாக்கைப் பிரதமராக்கப் பார்த்தார், ஆள் சேரவில்லை. 'உங்கள் அதிபர், எங்கள் பிரதமர்' என்று சாலிடாரிட்டிக்காரர் ஆடம் மிக்னிக் ஏற்கெனவே பத்திரிகையில் தலைப்பே போட்டுவிட்டிருந்தார். வலேசா, முதுகெலும்பு முளைத்த அந்தக் கூட்டணிக் கட்சிகளை அப்படியே தன் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆகஸ்ட் 24-ல் ததேயுஷ் மசோவியெட்ஸ்கி பிரதமர். ராணுவச் சட்டத்தில் அடைபட்டுக் கிடந்தவர். தன் அரசை அறிமுகப்படுத்தும் உரையின் நடுவே அவருக்குத் தலை சுற்றிவிட்டது. கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வந்து, என் நிலைமையும் போலந்துப் பொருளாதாரத்தின் நிலைமையும் ஒன்றாகிவிட்டது, நான் தேறிவிட்டேன், அதுவும் தேறும் என்றார். அவருடைய உள்துறை அமைச்சர் யார்? கிஷ்ச்சாக்கேதான்.

1990-ல் ஜெனரல் தன் பதவிக்காலத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஒதுங்கினார். வலேசா அதிபரானார். பதவியேற்பில் பழைய அதிபர் புது அதிபருக்குச் சின்னங்களைக் கொடுப்பதுதானே முறை? 1939-ல் தொடங்கிய நாடு கடந்த அரசு ஒன்று லண்டனில் விடாப்பிடியாக நடந்துவந்தது. அதன் கடைசி அதிபர் கச்சொரோவ்ஸ்கி விமானம் ஏறி வந்து, பத்திரமாக வைத்திருந்த சின்னங்களை வலேசாவிடம் கொடுத்தார். ஜெனரலுக்கு அழைப்பே போகவில்லை. வட்டமேசையிலும் நாற்காலி இல்லை, வழியனுப்பு விழாவிலும் நாற்காலி இல்லை. செனட் யோசனை சொன்ன அந்த இளைஞர் க்வாஷ்நியெவ்ஸ்கி? 1995-ல் வலேசாவையே தோற்கடித்து அதிபரானார். தோற்கக் கற்றுக்கொண்ட கட்சிக்குத்தான் ஜெயிக்கவும் வந்தது.

பிறகு வழக்குகள், வாய்தாக்கள், ஆஸ்பத்திரிகள். தீர்ப்பு வரவே இல்லை. ஒவ்வொரு டிசம்பர் 12 ராத்திரியும் அவர் வீட்டு வாசலில் ஒரு கூட்டம் மெழுகுவத்தியோடு வந்து அவரைத் திட்டும். அவர் பக்கம் பேசவும் சிலர் வருவார்கள். மன்னிக்கலாமா என்று கேட்டால் நாடு இரண்டாகப் பிரியும். துப்பாக்கியை எடுத்தவரும் அவர்தான், கையில் வைத்துக்கொண்டே கீழே போட்டவரும் அவர்தான். முதலாவதற்கு இரண்டாவது பரிகாரம் ஆகாது. ஆனாலும் துப்பாக்கி வைத்திருக்கிறவர் சொந்த விதியில் தோற்றுவிட்டு, சரி என்று எழுந்து போவது உலகத்தில் அப்படியொன்றும் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

90 வயதில் செத்தார். ராணுவத் தேவாலயத்தில் பூசை நடந்தது. வலேசாவும் வந்து உட்கார்ந்திருந்தார். கல்லறையில் ஒரு கூட்டம் விசிலடித்து ரகளை செய்தது. 1981-ல் இப்படி விசிலடித்திருந்தால் எங்கே போயிருப்போம் என்று அந்தக் கூட்டத்தில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

செத்த தேதி 2014 மே 25. அன்று போலந்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். கிழமையை நான் சொல்லவேண்டியதில்லை.